இருட்டுச் சோறு

பொன்னேரிக்காட்டுச் சுரங்கத்தில் கண்ணாத்தாளுக்குச் சிலையும் கிடையாது, படையலும் கிடையாது. ஆனாலும் கூண்டில் ஏறிக் கீழே இறங்குகிற எவனும் அவளை ஒரு தரம் கும்பிடாமல் இறங்கமாட்டான். கம்பெனிக் காகிதத்தில் அவளுக்கு வேறு பெயர். ஒளியுணர் தீக்காப்பு அமைப்பு என்று போட்டிருந்தார்கள். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் ஷிப்டே முடிந்துவிடும் என்று கேலி பேசிவிட்டு, ஆட்களே அவளுக்குக் கண்ணாத்தா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளைக் கட்டி நிறுத்திய இஞ்சினியர் அஞ்சுகத்துக்குப் பூசாரியம்மா என்று பெயர். அதை நேரில் சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அஞ்சுகத்துக்கு அது தெரியும், பிடித்தும் இருந்தது.

கண்ணாத்தா என்றால் வேறொன்றுமில்லை, ஒரு கண்ணாடி நூல். நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி வெட்டுகிற எல்லாச் சந்துகளிலும் கூரையை ஒட்டி ஓடுவாள். அவளுக்குள் மின்சாரம் கிடையாது, வெளிச்சம் மட்டுமே போய்வரும். அதனால் அவளால் ஒரு பொறிகூடக் கிளம்பாது. வாயு நிறைந்த இடத்தில் அதைவிடப் பெரிய புண்ணியம் எதுவும் இல்லை.

அவள் வருவதற்கு முன்னால் இதே சுரங்கத்தில் ஒரு வெடிப்பு நடந்தது. தெருவுக்கு நாலு வீட்டில் ஒப்பாரி கேட்டது. சுரங்கத்தை மூடிப் பூட்டு போட்டார்கள். பிறகு, அதான் இப்போது கண் வந்துவிட்டதே என்று சொல்லி மறுபடி திறக்க வந்தபோது, பொன்னேரிக்காட்டுப் பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்து பட்டினி கிடந்தார்கள். மேலத்தெரு, காலனி என்ற பேச்சே இல்லாமல் எல்லாத் தெருப் பெண்களும் கிடந்தார்கள். கண்ணு பார்க்கிற எல்லாத்தையும் நாங்களும் பார்க்கணும், மறைக்கப்படாது என்பது அவர்களுடைய ஒரே கோரிக்கை. கம்பெனி இறங்கி வந்தது. சுரங்க வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு திரை வைத்தார்கள். கண்ணாத்தா கீழே எதைப் பார்த்தாலும் அந்த நிமிஷமே திரையில் தெரியும். போகிறவர் வருகிறவர் யாரும் நின்று பார்க்கலாம்.

திரையைத் திறந்து வைத்த அன்று அஞ்சுகம்தான் பெண்களுக்கு எல்லாம் விளக்கினாள். பம்பு ஓட்டுகிற கலியபெருமாளின் மனைவி கொளஞ்சி முன்வரிசையில் நின்று, இது என்னாம்மா பண்ணும், தீயை அணைக்குமா என்று கேட்டாள்.

"வாயு கசிஞ்சா வெளிச்சத்தோட நிறம் ஒரு துளி மாறும்க்கா. நமக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும். உடனே மணி அடிச்சு எல்லாரையும் வெளியே வரச் சொல்லும். அதையும் மீறித் தீப்பிடிச்சா, கூரையிலேர்ந்து வெள்ளைப் பொடியைக் கொட்டி, அந்தப் பேனலோட இரும்புக் கதவை இறக்கிடும். தீ அதுக்குள்ளயே மூச்சுமுட்டிச் செத்துடும். மத்த பேனல்ல வேலை செய்யறவங்க தப்பிச்சிருவாங்க."

நிலக்கரி வெட்டும் ஒவ்வொரு பகுதியையும் அங்கே பேனல் என்பார்கள். அது கொளஞ்சிக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதது வேறு.

"அந்தக் கதவுக்கு உள்ளாற ஆளு இருந்தா?"

அஞ்சுகம் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். அதற்கான பதிலை ராப்பகலாக உட்கார்ந்து யோசித்து வைத்திருந்தாள்.

"அவங்க தலையில இருக்கற விளக்கைக் கண்ணு எண்ணிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நம்பர். உள்ளே ஒரு விளக்கு தெரிஞ்சாலும் கதவு காத்திருக்கும். கடைசி விளக்கு வெளியே வந்தப்புறம்தான் விழும். யாரையும் உள்ளே விட்டுப் பூட்டாது."

அப்ப சரி என்றாள் கொளஞ்சி. கூட்டமும் அப்ப சரி என்றது.

ஒரு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஐந்தாம் பேனலில் யாரோ பட்டை அறுந்த விளக்கு ஒன்றை மறந்து வைத்துவிட்டு வந்தான். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று பார்த்துத் தீப்பிடித்தது. உள்ளே ஆள் இருக்கிறான் என்று நம்பிக் கதவு காத்திருக்க, தீ வெளியே வந்து நாலு பேரைச் சுட்டுவிட்டது. உயிர் போகவில்லை, தோல் போனது. மேலாளர் இளவழகன் அஞ்சுகத்தைக் கூப்பிட்டு, இல்லாத ஆளுக்காக இருக்கிற ஆளைச் சுடுகிற கதவு எதற்கு என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அன்றுமுதல் விதி மாறியது. அசைகிற விளக்கை மட்டும்தான் கண் எண்ணும். அந்த நொடியில் தெரிகிற விளக்குதான் ஆள். தெரியாவிட்டால் ஆள் இல்லை, கதவு உடனே விழும்.

அதற்குப் பிறகுதான் அஞ்சுகம் ஏழாம் பேனலின் விசித்திரத்தைக் கவனித்தாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அங்கே ஆள் கணக்கு பூஜ்யத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பழைய எண்ணுக்கே ஏறியது. கதவைத் தாண்டி யாரும் வெளியே வந்ததாகவும் இல்லை. ஒருநாள் என்றால் கண்ணில் தூசி விழுந்தது என்று விடலாம். தினமும் நடந்தது. நூலில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, ஒருநாள் உச்சிவேளையில் யாரிடமும் சொல்லாமல் அவளே கீழே இறங்கினாள்.

ஏழாம் பேனல் கதவைத் தாண்டித் தண்டவாளத்தோடு நடந்தாள். உள்ளே கும்மிருட்டு. ஆனால் பேச்சுக்குரல் கேட்டது, யாரோ சிரித்தார்கள், எவர்சில்வர் மூடி ஒன்று கல்லில் உருண்டது. அவள் தலையைத் திருப்பியதும் அவளுடைய விளக்கு வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தது.

சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய சாப்பாட்டு டப்பாவும் நடுவில் திறந்து கிடந்தது. குழுத்தலைவர் உத்திராபதியின் கை ஒரு டப்பாவில் இருந்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப்பராசின் கை இன்னொரு டப்பாவில் இருந்தது. பம்பு கலியபெருமாளும் அங்கேதான் இருந்தார். உத்திராபதியும் கலியபெருமாளும் மேலத்தெரு. சின்னப்பராசு காலனி. திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர்களைப் போல அத்தனை கைகளும் அப்படியே நின்றுவிட்டன.

"வெளக்க அணைங்கம்மா," என்றார் உத்திராபதி.

அஞ்சுகம் அணைத்தாள். பிறகு, உட்காருங்க என்று ஒரு குரல் வந்தது. அவள் தடவித் தடவி உட்கார்ந்தாள். யாரோ அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு உருண்டைச் சோற்றை வைத்தார்கள். புளிக்குழம்பு, பூண்டு நிறைய. யார் கொடுத்தது, யார் வீட்டுச் சோறு, ஒன்றும் தெரியவில்லை. வாயில் போட்டாள்.

உத்திராபதி விஷயத்தைச் சொன்னார். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லையே.

"மேல நாங்க ஒரே கொழாயில தண்ணி புடிக்கமாட்டோம்மா. கல்யாணம் கருமாதின்னா அவங்க பந்தி வேற, எங்க பந்தி வேற. இங்க கூரை எறங்குனா ஒருத்தன் கால ஒருத்தன் புடிச்சு இழுத்துப் போடறோம். இழுத்துப் போட்ட கைய வச்சுக்கிட்டு எப்படித் தனியா ஒக்காந்து திங்கறது? எவனோ ஒருத்தன் எங்களுக்கும் முன்னாடி ஆரம்பிச்சு வச்சிருக்கான். சாப்புடற நேரம் எல்லா வெளக்கையும் அணைச்சிடணும். வெளிச்சம் இருந்தா இது யாரு டப்பான்னு தெரியும். தெரிஞ்சா கை தயங்கும். எனக்கும் தயங்குதும்மா, பொய் சொல்லமாட்டேன்."

அஞ்சுகம் கதவின் புது விதியைச் சொன்னாள். இந்த நேரத்தில் தீப்பிடித்தால் உங்களை உள்ளே வைத்துக் கதவு விழுந்துவிடும், அதற்கு நீங்கள் இல்லை என்றுதான் தெரியும் என்றாள். ஒரே ஒரு விளக்கை எரியவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

"ஒண்ணு எரிஞ்சா போதுமே மேடம், எல்லா மூஞ்சியும் தெரிஞ்சிருமே," என்றான் சின்னப்பராசு.

"அப்போ வேற கண்ணு போடறேன். உடம்புச் சூட்டைப் பார்க்கற கண்ணு. நீங்க இருட்டுல இருந்தாலும் அதுக்குத் தெரியும். விளக்கே வேண்டாம்."

"அது பாக்கறது வாசத் திரையில தெரியுமா?"

தெரியும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கண் பார்ப்பது எல்லாம் திரைக்கு வரும், அதுதான் பட்டினி கிடந்து வாங்கிய சட்டம்.

"அப்ப வேணாம் மேடம்," என்றான் சின்னப்பராசு. "விசயம் மேல போனா உத்திராபதி அண்ணனுக்கு நாலு ஏச்சு, பேச்சு. அவ்வளவுதான். எங்க தெருவுக்குக் கெடைக்கிறது வேற. போன மாசித் தேருக்கு என்னா நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியாமல் என்ன. தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்ற சண்டையில் காலனியில் மூன்று கூரைகள் எரிந்தன. மேலே சொல்லமாட்டேன் என்று அஞ்சுகம் இருட்டிலேயே வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கைக் கொடுக்கும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வாக்குக் கொடுத்துவிட்டாள், ஆனால் விதி விதியாகவே இருந்ததே. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பது போல, அவளுக்கு அவர்களுடைய இருட்டும் வேண்டும், உயிரும் வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வேலை செய்தாள். ஏழாம் பேனலில் மட்டும், சாப்பாட்டு வேளையில் மட்டும், ஆள் பூஜ்யம் என்று கண் சொன்னாலும் கதவு உடனே விழாது. சாக்கு விரித்த இடத்திலிருந்து கதவு வரைக்கும் ஓடிவர ஆகிற நேரம் காத்திருந்து பிறகு விழும். கம்பெனிக்குத் தெரியாமல், கதவை இயக்குகிற கணினி நிரலுக்குள் அதை எழுதி ஒளித்து வைத்தாள். உத்திராபதியிடம் மட்டும் சொன்னாள்.

அவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. கதவு காத்திருக்கிற நேரத்தில் தீ வெளியே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். பொடி தடுத்துவிடும் என்றாள் அஞ்சுகம். பிறகு, பெரும்பாலும் தடுத்துவிடும் என்று திருத்திச் சொன்னாள். அவர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையாட்டினார்.

ஐப்பசியில் புயல் வந்தது. புயல் வந்தால் காற்றின் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பழைய பேனல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிற வாயு வெளியே வரும். இது சுரங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அன்று காலையிலிருந்தே அஞ்சுகம் கட்டுப்பாட்டு அறையை விட்டு நகரவில்லை. கண் வாயுவைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது, அளவு தாண்டவில்லை. உச்சிவேளைக்கு ஏழாம் பேனலுக்குப் பின்னால் பழைய கூரை ஒன்று மொத்தமாக இடிந்து விழுந்தது. உள்ளே இருந்த வாயுவையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளியது, கல்லோடு கல் மோதிப் பொறி பறந்தது. மணி அடிக்கவே நேரம் இல்லை.

திரையில் ஏழாம் பேனலின் கடைக்கோடி சிவந்தது. பொடி கொட்டி அந்த இடம் வெள்ளையானது. ஆள்: பூஜ்யம் என்று எழுதியிருந்தது. கதவு விழவில்லை.

அவளுக்குப் பின்னால் நின்ற இளவழகன், உள்ளேதான் யாரும் இல்லையே, ஏன் விழவில்லை என்று கத்தினார். கதவுக்கு இந்தப் பக்கம், எல்லாப் பேனல்களும் வந்து சேருகிற பெரிய பாதையில், ஒரே ஒரு விளக்கு அசைந்துகொண்டிருந்தது. பம்பு மேடை அங்கேதான். மழைத் தண்ணீர் ஏறுகிறது என்று கலியபெருமாள் அன்று சாப்பாட்டுக்குப் போகாமல் பம்பின் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அவருடைய நம்பர் திரையில் பளிச்சென்று தெரிந்தது. கையால் கதவை இறக்குகிற சிவப்புப் பொத்தான் மேசையில் இருந்தது. இளவழகன் அதை அழுத்தக் கை நீட்டினார்.

அஞ்சுகம் பொத்தானின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்து மூடிக்கொண்டாள்.

"அந்தாள் தெரியறாரும்மா! உள்ள யாரு தெரியறா?"

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் மேசையோடு சாய்ந்து, வெறி பிடித்தவள் போல அழுத்திக்கொண்டாள். தெரிகிற ஒரு விளக்கு இந்தப் பக்கம், தெரியாத ஆறு பேர் அந்தப் பக்கம். வெள்ளைப் பொடிக்குள்ளிருந்து தீ ஒருமுறை அடங்கி, இன்னொருமுறை எழுந்தது. பிறகு கண்ணாத்தாளுக்கே கண் கூசி, திரை முழுக்க வெளுத்துப்போனது. கதவு விழுந்துவிட்டதாகக் கருவி சொன்னது. வெளுப்பு தெளிந்தபோது பெரிய பாதையில் கலியபெருமாளின் விளக்கு இல்லை.

மீட்புக்குழு போனபோது பெரிய பாதையில் ஆறு பேர் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். விளக்கைப் போட நேரமில்லாமல் தண்டவாளத்தைக் காலால் தடவியே ஓடி வந்து, கதவைத் தாண்டியதும் பக்கத்துச் சந்துக்குள் விழுந்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் போன தீயின் நாக்கு பம்பு மேடையில் இருந்தவரைப் பிடித்துக்கொண்டது.

விசாரணை சமுதாயக்கூடத்தில் நடந்தது. நிரலுக்குள் ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. யாரைக் கேட்டுக் கதவைக் காக்கவைத்தாய் என்றார் அதிகாரி. உள்ளே ஆட்கள் இருந்தார்கள் என்றாள் அஞ்சுகம். யார் என்றார். அவள் வாக்குக் கொடுத்தவள், பெயர் சொல்லவில்லை. அதிகாரி கண்ணின் பதிவைப் போட்டுக் காட்டினார். பூஜ்யம், பூஜ்யம், பிறகு வெளுப்பு. அதில் வேறு ஒன்றும் இல்லை.

ஆறு பேரும் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். தாங்கள் ஏழாம் பேனலுக்குள் இல்லை, பெரிய பாதையில்தான் வந்துகொண்டிருந்தோம், பறந்து வந்த பொடியில் எங்கள் விளக்கு தெரியாமல் போயிருக்கும் என்று. கீழே விளக்கை அணைத்தால் வேலை போகும். ஏன் அணைத்தாய் என்று கேட்டால் ஊர் போகும். அதற்குப் பயந்து சொன்ன பொய். அஞ்சுகம் அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உங்களுக்காகத்தானே அந்த மனுஷரைத் தீக்குக் கொடுத்தேன் என்று அவளுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. சின்னப்பராசு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்தின் ஒரு பக்கம் மேலத்தெரு, மறுபக்கம் காலனி, நடுவில் போலீஸ்.

இல்லாத ஆட்களுக்காகக் கதவைத் திறந்து வைத்து, இருந்த ஆளைக் கொன்றதாகத்தான் தீர்ப்பு எழுதவேண்டியிருக்கும் என்று அதிகாரி காகிதத்தைச் சேர்த்தபோது, கொளஞ்சி எழுந்தாள். அவள் பெயரைச் சாட்சிக்கு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை, ஆறு பேர் இருந்த பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்க வூட்டுக்காரரு ஆளுங்களுக்காகச் செத்தாரா, ஒண்ணுமில்லாத பொட்டலுக்காகச் செத்தாரா? அத மட்டும் சொல்லிடுங்க. நான் பாட்டுக்குப் போயிடறேன்."

சின்னப்பராசு தலையைத் தூக்கினான். ஆனால் அவன் சொல்லக்கூடாது, அவன் சொன்னால் அது அவன் தெருவுக்கு வைக்கிற கொள்ளி. அவன் உத்திராபதியைப் பார்த்தான். உத்திராபதியின் அண்ணன் தம்பிகள் எதிர்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், பிறகு கொளஞ்சியைப் பார்த்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உள்ளதான் இருந்தோம்."

அதிகாரி சேர்த்த காகிதத்தை மறுபடி பிரிக்க, உத்திராபதி தொடர்ந்து சொன்னார்.

"தண்ணி ஏறுது, பம்ப விட்டுட்டு வரமுடியாது, நீங்க தின்னுங்கடான்னு அவரு டப்பாவைக் குடுத்து அனுப்பினாரு. தீ வந்தப்ப அதத்தான் தின்னுக்கிட்டு இருந்தோம்."

"என்னா கொழம்பு?" என்றாள் கொளஞ்சி.

"மொச்சக்கொட்ட போட்ட கருவாட்டுக் கொழம்பு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். குழம்பு சரிதான்.

"யாரு யாரு தின்னீங்க?"

அதைத்தான் அவர் சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தார். இனி தப்பிக்க வழியில்லை. பெஞ்சில் இருந்த மற்ற ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, சின்னப்பராசையும் விடாமல் சொல்லி, எல்லாரும் ஒரே டப்பாவில் தின்றோம், பல வருஷமாகத் தின்கிறோம் என்று ஊர் கேட்கச் சொன்னார். எதிர்வரிசையில் அவருடைய அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"எனக்கு எப்பயோ தெரியும்," என்றாள் கொளஞ்சி. "நான் குடுத்துவிட்ட வாசம் ஒண்ணு, டப்பாவுல திரும்பி வர்ற வாசம் ஒண்ணு. கழுவறவளுக்குத் தெரியாதா?" பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

தீர்ப்பு மாறியது. அஞ்சுகத்தின் வேலை போகவில்லை, ஆறு பேரையும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். காலனி முனையில் போலீஸ் வேன் வெகுநாள் நின்றது. யாரும் எதையும் கொளுத்தவில்லை, அந்த மட்டும் நல்லது. உத்திராபதி வீட்டு வாசலில் மட்டும் அவருடைய பங்காளிகள் கால் வைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் அதிகாரி ஓர் உத்தரவு போட்டார். எல்லாப் பேனல்களிலும் உடம்புச் சூட்டைப் பார்க்கிற கண்களைப் பொருத்த வேண்டும்.

அஞ்சுகமே பொருத்தினாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இதையே, விஷயம் தெரிந்த அன்றைக்கே பொருத்தியிருந்தால் ஆறு பேர் இருப்பது கதவுக்குத் தெரிந்திருக்கும், கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்திருக்கும், பொத்தானுக்காக மல்லுக்கட்டாமல் முதல் நொடியிலேயே கலியபெருமாளுக்கு ஓடு என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கலாம். அவள் காப்பாற்றிய வாக்கு அவரைச் சாப்பிட்டுவிட்டது. நான்தான் கொன்றேன் என்று ஒருநாள் கொளஞ்சியிடம் போய்ச் சொன்னாள். கொளஞ்சி மறுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அவளுக்குக் கணவன் வேலைக்குப் பதிலாக விளக்கறையில் வேலை கொடுத்திருந்தார்கள். இறங்குகிறவர்களுக்கு விளக்கைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே, சாப்பிட்டியாம்மா என்று கேட்டாள்.

புதுக் கண்கள் வேலை செய்யத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். உத்திராபதி அஞ்சுகத்தைப் பார்க்க வந்தார். முதல் நாள் வழக்கம்போலச் சாக்கு விரித்தாராம், விளக்கை அணைத்தாராம். அதிகாரியே மன்னித்துவிட்ட பிறகு விளக்கை அணைப்பதில் என்ன தப்பு இருக்கிறது என்று நினைத்தாராம். சின்னப்பராசு வரவில்லையாம். வாடா என்று கூப்பிட்டதற்கு, தன் விளக்கு வெளிச்சத்தாலேயே கூரையிலிருந்த கண்ணைக் காட்டி, வாசல்ல பாக்கறாங்கண்ணே என்றானாம். இன்னொரு காலனிப் பையனும் அவனோடு போய்விட்டானாம். ஊர் முன்னால வாயத் தொறந்து சொன்னவன் நான், இப்ப ஒரு வாய்ச் சோறு குடுக்க முடியலையேம்மா என்று சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

அன்று மத்தியானம் அஞ்சுகம் வாசல் திரைக்கு முன்னால் போய் நின்றாள். நல்ல வெயில். திரைக்கு முன்னால் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள், இப்போதெல்லாம் சாப்பாட்டு வேளைக்குக் கூட்டம் கூடுதல். இன்றைக்கு எவன் எவனோடு உட்காருகிறான் என்று பார்க்க வருகிற கூட்டம். விளக்கறையிலிருந்து கொளஞ்சியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

ஏழாம் பேனலில் ஆறு உருவங்கள் செக்கச்செவேலென்று தெரிந்தன. தலை, தோள், மடக்கிய கால் அவ்வளவுதான். ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு டப்பா இருந்தது. திரையின் மூலையில் ஆள்: ஆறு என்று எழுதியிருந்தது. இனி எந்த நொடியில் தீப்பிடித்தாலும் கதவு இந்த ஆறு பேருக்காகக் காத்திருக்கும், எவனையும் உள்ளே விட்டுப் பூட்டாது. அன்றைக்குத் திரை திறந்தபோது சொன்ன வார்த்தையை அஞ்சுகம் இப்போதுதான் உண்மையாக்கியிருந்தாள்.

"மூஞ்சி தெரியாதாம்மா இதுல?" என்று கேட்டாள் கொளஞ்சி.

"தெரியாதுக்கா. விளக்கை அணைச்சிருக்கறப்ப நம்பரும் வராது, சூடு மட்டும்தான் தெரியும். யாரு யாருன்னு கண்டுபிடிக்க முடியாது."

கொளஞ்சி கொஞ்ச நேரம் பார்த்தாள். நாலு உருவங்கள் தண்டவாளத்தை ஒட்டிச் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. இரண்டு, நன்றாகத் தள்ளி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்றன. அவள் கையை நீட்டி அந்த இரண்டில் ஒன்றைத் தொட்டாள்.

"இது சின்னப்பராசு."

அஞ்சுகம் தன் கையிலிருந்த கருவியில், அந்த இடத்தில் கடைசியாக அணைந்த விளக்கின் எண்ணைத் தேடிப் பார்த்தாள். கொளஞ்சி சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.